செட்டுக்குள் எடுக்கும் முடிவு

மார்ட்டாலிட்டி நோட்டில் நாலு நாள் தொடர்ந்து பத்து, பத்து, பத்து, பத்து என்று எழுதியிருந்தால், அந்த செட்டில் கோழிக்கு வியாதி இருக்கிறதோ இல்லையோ, மேனேஜருக்குப் பயம் இருக்கிறது. கோழி அப்படிக் கணக்காகச் சாகாது. ஒரு நாள் மூன்று சாகும், மறுநாள் பதினொன்று, வெயில் ஏறினால் முப்பது. ஒரே நாளில் நாற்பது செத்ததை முதலாளியிடம் சொல்லப் பயந்து நாலு நாளுக்குப் பிரித்து எழுதினால்தான் நோட்டு இவ்வளவு சமமாக நிற்கும். வணிகவியல் படித்துவிட்டுக் கணக்கெழுதப் பண்ணைக்குள் வந்தவன் நான். கோழி வைத்தியம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் நோட்டைப் பார்த்து ஆளைப் படிக்க ஆரம்பத்திலேயே பழகிவிட்டேன். மேனேஜராகி, பொது மேனேஜராகி, இப்போது நாமக்கல், சேலம் வட்டாரத்தில் பண்ணை பண்ணையாகப் போய் மேனேஜர்களைப் பழக்குவதே வேலையாகிவிட்டது. எங்கே போனாலும் முதலில் அந்த நோட்டைத்தான் வாங்கிப் பார்க்கிறேன்.

பிரித்து எழுதுவது சின்ன விஷயம் போலத் தெரியும். 20,000 கோழி நிற்கிற செட்டில் நாற்பது என்பது ஒரு சதவீதத்தில் கால் பங்குகூட இல்லை. ஆனால் வெள்ளைக் கழிச்சல் உள்ளே வந்திருந்தால் அந்த நாற்பதுதான் முதல் செய்தி. அன்றைக்கே தெரிந்தால் செத்த கோழியை அறுத்துப் பார்க்கலாம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மாதிரி அனுப்பலாம், அந்த செட்டில் வேலை செய்கிறவரை அடுத்த செட்டுக்குப் போகாமல் நிறுத்தலாம். நாலு நாள் கழித்துத் தெரிந்தால் பக்கத்து செட்டிலும் முட்டை இறங்கத் தொடங்கியிருக்கும்.

அதனால் மேனேஜருக்குப் பயிற்சி கொடுங்கள் என்று கூப்பிடுகிற முதலாளியிடம், வேலையை ஆரம்பிக்கும் முன்னாலேயே ஒரு வாக்குறுதி கேட்கிறேன். செத்ததை அன்றே சொன்னால் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் ஒரு வார்த்தை திட்டக் கூடாது, மறைத்தால் மட்டும் கேட்கலாம். எல்லோரும் சரி என்பார்கள். பிறகு ஒரு காலையில் எண்ணிக்கை கூடியிருக்கும். “திட்டலைங்க, ஏன்னுதான் கேட்டேன்” என்று என்னிடம் சொல்வார்கள். அந்த ‘ஏன்’ எந்தக் குரலில் வந்தது என்பதை மேனேஜர் மறக்க மாட்டார். அடுத்த வாரம் நோட்டு மறுபடியும் சமமாகிவிடும். முதலாளியின் குரல் மாறுவதற்கு, மேனேஜர் பழகுவதைவிட அதிக காலம் பிடிக்கிறது. இதை நான் பண்ணைக்குப் பண்ணை பார்த்திருக்கிறேன்.

அதற்குக் காரணம் எங்கள் பண்ணைகள் வந்த வழி. வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்து, கிணறு வற்றி, விவசாயம் கையைக் கடித்த காலத்தில் தோட்டத்து மூலையில் ஒரு கூரை போட்டு நானூறு, ஐந்நூறு கோழி வைத்துத் தொடங்கியவர்கள்தான் பெரும்பாலானோர். கணவர் தீவனம் போடுவார், மனைவி முட்டை எடுப்பார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்முன் தண்ணீர்க் குவளை கழுவுவார்கள். ஆழ்கூளத்திலிருந்து கூண்டுக்கு மாறியதும் அதே இடத்தில் பல மடங்கு கோழி நின்றது. 1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாகும்போது, முட்டை என்றால் இந்த ஊர் என்று நாடு முழுவதும் பெயராகியிருந்தது. புதுச்சத்திரம், எருமப்பட்டி, வளையப்பட்டி, மோகனூர், பரமத்தி வேலூர் என்று சாலையின் இருபக்கமும் நீள நீளமாக செட்டுகள். ஒரு குடும்பம் நாலு இடத்தில் பண்ணை வைத்தது. கோழி பெருகிய வேகத்தில் முடிவெடுக்கிறவர்கள் பெருகவில்லை. ஐந்நூறு கோழியைக் கண்ணாலே பார்த்து வளர்த்த மனிதர், 2 லட்சம் கோழியையும் அதே கண்ணால் பார்த்துவிடலாம் என்று நம்பினார். மேனேஜர் என்று ஒருவரை வைத்தார். ஆனால் அவரிடம் கொடுத்தது சாவிக்கொத்தும் செல்போனும் மட்டும்தான்.

முடிவை இடம் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தத் தொழிலிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1980-களின் தொடக்கம் வரை முட்டை விலையைப் பெருநகர வியாபாரிகள் சொன்னார்கள், பண்ணையாளர் கேட்டுக்கொண்டார். போட்ட காசு திரும்பாமல் பண்ணைகளை மூடிக்கொண்டிருந்த நேரம் அது. வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனர் டாக்டர் பி.வி. ராவ் ஊர் ஊராகப் போய்ப் பண்ணையாளர்களைக் கூட்டிப் பேசினார். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. கோழி வளர்க்கிறவர் தன் முட்டைக்குத் தானே விலை சொல்வார் என்பது அதன் அடிப்படை. மண்டலத்துக்கு மண்டலம் கமிட்டி, அவரவர் மண்டலத்துக்கு அவரவர் விலை. நாமக்கல் மண்டல விலை என்று இன்றைக்கும் நாளிதழில் வருகிறதே, அது அப்படி வந்தது. ஒரு தனி மனிதர் பின்னால் நூற்றுக்கணக்கான பண்ணையாளர்கள் போனதற்குக் காரணம் அவருடைய பேச்சுத் திறமை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கூட்டத்துக்கு வந்தவர் கையில் முடிவைக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போனார். அறிவித்த விலைக்குக் கீழே வியாபாரி பிடிக்கிற ‘மைனஸ்’ பிற்பாடு வந்து அந்த உரிமையைத் தின்றது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் விலை சொல்கிற உரிமை எங்கள் கைக்கு வந்த முதல் வருடங்களில் பண்ணையாளர் கூட்டங்களில் இருந்த நிமிர்வை நேரில் பார்த்தவன் நான்.

அந்தக் கூட்டங்களில் நிமிர்ந்து உட்கார்ந்த அதே பண்ணையாளர், தன் பண்ணைக்குத் திரும்பியதும் மேனேஜரை நிமிர விட்டாரா? அதுதான் இந்தத் தொழிலில் நான் வருடக்கணக்காகக் கேட்டுவரும் கேள்வி.

மேனேஜராக யாரைப் பிடிப்பது என்பதில் வழக்கமாக ஒன்று நடக்கும். பண்ணையில் எல்லோரையும்விட வேகமாக வேலை செய்கிறவர் ஒருவர் இருப்பார். தண்ணீர் வரும் நிப்பிள் அடைத்தால் ஊதிச் சரிசெய்வார், மூக்கு வெட்டும் மெஷின் மக்கர் செய்தால் பிரித்து மாட்டுவார், தடுப்பூசி போடுவதில் கை ஓயாது. அவரை மேனேஜர் ஆக்கிவிடுவார்கள். மறுநாளும் அவரே நிப்பிள் ஊதிக்கொண்டிருப்பார். அடுத்தவர் மெதுவாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தாங்காது. அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை செய்வதற்குத்தான் இவ்வளவு நாளும் பாராட்டு கிடைத்தது, வேலை வாங்குவதற்கு எப்படிப் பாராட்டு கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாது. இப்படிப்பட்டவரோடு நான் முதலில் செய்வது, கையைக் கட்டிக்கொண்டு செட்டில் நடக்கப் பழக்குவது. எதையும் தொடக் கூடாது, பார்த்ததைச் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்லிச் செய்ய வைப்பது என்று சொல்ல வேண்டும். பலருக்கு இது தண்டனை போல இருக்கும். ஒருவர் என் முன்னாலேயே கண் கலங்கினார்.

இரவு நடைதான் எனக்குப் பிடித்த பாடம். விளக்கு அணைந்து கோழிகள் அடங்கிய பிறகு செட்டுக்குள் போய்ப் பேசாமல் நிற்க வேண்டும். பகலில் தீவனச் சத்தம், கொக்கரிப்பு, மின்விசிறி என்று எதுவும் கேட்காது. இரவில் சளி பிடித்த கோழியின் மூச்சில் ஒரு சின்னத் தும்மல், ஒரு கரகரப்பு கேட்கும். முட்டை குறைவதற்குச் சில நாள் முன்னாலேயே அது கேட்கும். எந்த வரிசையிலிருந்து வருகிறது என்று மேனேஜர் காதாலேயே பிடிக்க வேண்டும். அதற்கு அடுத்த பாடம் தண்ணீர் மீட்டர். முட்டைக்கோழி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் எடுக்கும். தண்ணீர் அதில் இரண்டு பங்கு குடிக்கும், கோடையில் இன்னும் அதிகம். உடம்புக்கு ஏதாவது வந்தால் முதலில் குறைவது தண்ணீர், பிறகு தீவனம், அதற்குப் பிறகுதான் முட்டை. முட்டைக் கணக்கை மட்டும் பார்க்கிற மேனேஜர் எப்போதும் பிந்தித்தான் வருவார்.

இதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டு, தண்ணீர் குறைந்ததைக் கண்டுபிடித்த மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றால் கற்றதெல்லாம் வீண். முதலாளி கல்யாணத்தில் இருப்பார், கோயிலில் இருப்பார், சாயங்காலம் கூப்பிடுவார். ஆகவே கேட்காமலே மேனேஜர் செய்யக்கூடியவை எவையெவை என்று முதலாளியும் மேனேஜரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி எழுதச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒன்றே ஒன்றுதான் எழுத வருவார்கள். பரவாயில்லை. “தண்ணீர் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரை நானே கூப்பிடுவேன்” என்ற ஒரு வரி போதும். அதை ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தால் இரண்டாவது வரி தானாக வரும். கழிவுக்கோழியைப் பிரிப்பது, தீவன மூட்டையில் பூஞ்சை வாடை வந்தால் திருப்பி அனுப்புவது, வெயிலுக்குத் தீவன நேரத்தை மாற்றுவது என்று பட்டியல் நீளும். கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்து வானிலை ஆலோசனை மையத்தின் அறிவிப்பு நாளிதழில் வருகிறது. அதைப் படித்துவிட்டுக் கூரைத் தெளிப்பானை எத்தனை மணிக்குப் போடுவது என்று மேனேஜர் தானே தீர்மானித்த நாளில் அவர் நடையே மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் எல்லாவற்றையும்விடக் கடினமான வரி பண்ணையின் வாசல் கேட்டைப் பற்றியது.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. தமிழ்நாட்டில் ஒரு கோழிக்கும் வரவில்லை. ஆனாலும் நாமக்கல்லில் முட்டை வாங்க ஆளில்லை. 2012-ல் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் மத்திய அரசுப் பண்ணையிலேயே வந்தது. 2014 கடைசியில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்கு வந்தது. நம் முட்டை தினமும் போகிற ஊர்கள் அவை. முட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரி, பல பண்ணைக்கும் போய்வருகிற தீவன வண்டி, கழிவுக்கோழி ஏற்ற வருகிற வேன், இவற்றின் சக்கரத்திலும் வியாதி ஏறி வரும். பண்ணைகள் கேட் போட்டன, மருந்து தெளிக்கும் வளைவு கட்டின, கால் நனைக்கத் தொட்டி வைத்தன. சிமென்ட் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. தொட்டியில் கால் வைக்காமல் தாண்டிப் போகிறவரை யார் நிறுத்துவது என்பது மட்டும் முடியவில்லை.

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு பண்ணை. கேட் விதி எழுதி வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முதலாளியின் தாய்மாமன் பத்திரிகை வைக்கக் காரில் வந்தார். இளைஞரான மேனேஜர் கேட்டைத் திறக்கவில்லை.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. வண்டி உள்ள போகாதுங்க. வெளிய நிறுத்திப்போட்டு, செருப்பு மாத்தி, கால் நனைச்சு வாங்க.”

“நான் ஆருன்னு தெரியுமா கண்ணு உனக்கு?”

“தெரியுங்க ஐயா. முதலாளிக்குத் தாய்மாமனுங்க. உங்க தோட்டத்துலயும் கோழி நிக்குதுங்களே, அதனாலதான் சொல்றனுங்க.”

கொங்கு நாட்டில் தாய்மாமனுக்குள்ள இடம் தெரிந்தவர்களுக்கு அந்த நிமிடத்தின் கனம் புரியும். நான் அலுவலகத்தில் இருந்தேன். முதலாளிக்குப் போன் வந்தது. அவர் எழுந்து கேட்டுக்கு நடந்தார். “வாங்க மாமா” என்று கும்பிட்டு, காவலாளி அறைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போடச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து பத்திரிகையை வாங்கிக்கொண்டார். டீயும் அங்கேயே வந்தது. மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மாமன் முகம் சுருங்கித்தான் கிளம்பினார். ஆனால் அன்று முதல் அந்தப் பண்ணையில் தீவன லாரி டிரைவர்கூட தொட்டியைத் தாண்டவில்லை. நான் எத்தனை வகுப்பு எடுத்திருந்தாலும் அந்த இரண்டு நாற்காலி செய்த வேலையைச் செய்திருக்க முடியாது. முதலாளி தன் சொந்தத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். மேனேஜரின் வார்த்தைக்கு அதனால் கனம் வந்தது.

2019 ஜூலையில் வேறு வகையான மாற்றம் வந்தது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் தடை போட்டது. மனிதருக்கு வேறு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுக்கிற மருந்து அது. அதைத் தீவனத்தில் வழக்கமாகக் கலந்துகொண்டிருந்தோம். தடைக்கு முன்பும் இது தப்பு என்று சொன்ன கால்நடை மருத்துவர்கள் இருந்தார்கள், கேட்டவர்கள் குறைவு. தீவன மில்லில் ஃபார்முலாவை மாற்றுவது ஒரு நாள் வேலை. ஆனால் செட்டில் நிற்கிறவருக்கு அந்த மருந்து ஒரு தைரியம். “அது இல்லாட்டிக் கழிச்சல் வருமுங்க” என்பதுதான் எல்லோர் வாயிலும். அவர்களை உட்கார வைத்து, அந்த மருந்து யாருக்கு எப்போது தேவைப்படுகிறது, கோழி வழியாகக் கிருமி பழகிவிட்டால் ஆஸ்பத்திரியில் என்ன ஆகும் என்று மருத்துவரை விட்டுச் சொல்ல வைத்தோம். கேட்டவர்களில் ஒருவரின் தங்கை பிரசவத்துக்குப் பிறகு கிருமித் தொற்றில் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறார். அவர்தான் முதலில் பேசினார். பிறகு மருந்துக்குப் பதில் என்ன என்ற கேள்வியை அவர்களிடமே விட்டோம். தண்ணீர்க் குழாயை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது, குளோரின் எவ்வளவு, மேல்தொட்டியை யார் ஏறிப் பார்ப்பது என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். முதல் பேட்ச் கோழிகளில் கழிச்சல் கொஞ்சம் கூடத்தான் செய்தது. அதை மறைக்காமல் நோட்டில் எழுதினார்கள். அடுத்த பேட்ச்சில் குழாய் சுத்தமாக இருந்த செட்டுகளில் அடங்கியது.

2020 மார்ச் மாதத்தை நாமக்கல்லில் யாரும் மறக்க மாட்டார்கள். கோழியால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தியில் விலை படுத்தது, பிறகு ஊரடங்கில் வண்டி நின்றது. அந்த நாட்களில் நான் பார்த்த முதலாளிகளில் சிலர் மேனேஜர்களைக் கூப்பிட்டு, கையிருப்பு இவ்வளவு, தீவனத்துக்கு இத்தனை நாள் வரும், சம்பளம் இப்படித்தான் தர முடியும் என்று திறந்து சொன்னார்கள். சிலர் எதுவுமே சொல்லவில்லை. சொன்ன இடங்களில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளர்களில் பலர் தங்கினார்கள்.

இப்போது நடந்துகொண்டிருக்கிற மாற்றம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. பக்கம் திறந்த செட்டுகள் போய், முழுக்க அடைத்த, குளிரூட்டும் செட்டுகள் வருகின்றன. ஒரு முனையில் ஈரத்தட்டிகள், மறு முனையில் பெரிய விசிறிகள், அடுக்கடுக்காகக் கூண்டு. தீவனம் தானே ஓடும், எருவைப் பட்டை இழுத்துப் போகும், முட்டையும் பட்டையிலேயே உருண்டு வெளியே வரும். ஏப்ரல், மே வெயிலில் திறந்த செட்டில் கோழி வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு உள்ளே போனால் வேறு உலகம். ஈத்தொல்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் மனு கொடுப்பதும் குறையும். ஆனால் ஒன்று. மின்சாரம் போய் ஜெனரேட்டரும் எடுக்காவிட்டால் உள்ளே இருக்கிற ஆயிரக்கணக்கான கோழிகளுக்குக் கால் மணி நேரத்தில் மூச்சு முட்டும், அரை மணியில் சாகத் தொடங்கும். முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்கிற அவகாசம் அந்த செட்டுக்குள் கிடையாது. இதுவரை நல்ல பழக்கமாக மட்டும் நான் சொல்லிவந்தது, இங்கே கோழியின் உயிருக்கே அவசியமாகிவிட்டது. கதவுகளைத் திறப்பதா, ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டுவதா என்பதை அங்கே நிற்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். அதனால் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திப் பழக்குகிறோம். முதலாளியை அந்த நேரத்தில் பண்ணைக்கு வெளியே இருக்கச் சொல்கிறோம்.

இந்த மாற்றத்தில் எனக்கு மிகவும் வலித்த விஷயம் முட்டை எடுக்கும் பெண்கள். இருபது வருடம், முப்பது வருடம் ஒரே வரிசையில் நடந்து, கூண்டு கூண்டாகக் கை விட்டு முட்டை எடுத்து ட்ரேயில் அடுக்கியவர்கள். பட்டை வந்தால் அந்த நடை நின்றுவிடும். ஒரு பண்ணையில் மெஷின் இறங்குகிற வரைக்கும் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். லாரியிலிருந்து பெட்டிகளை இறக்குவதைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த வாரமே பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பழைய செட்டுகளில் முட்டை எடுக்க ஆளில்லாமல் உடைசல் ஏறியது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மரியன் என்ற சின்ன ஊரில் ஹார்வுட் என்று பைஜாமா தைக்கும் ஆலை இருந்தது. அதன் பணியாளர் மேலாளர் லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் என்ற உளவியலாளரோடு சேர்ந்து 1948-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வேலை முறையில் சின்ன மாற்றம்தான். ஒரு குழுவுக்கு மாற்றத்தை அறிவித்து, கூலிக் கணக்கை விளக்கிவிட்டு விட்டார்கள். இன்னொரு வகைக் குழுக்களில் எல்லாத் தொழிலாளிகளும் சேர்ந்து உட்கார்ந்து புதிய முறையை வகுத்தார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. நாற்பது நாளுக்குள் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டார்கள். சேர்ந்து வகுத்த குழுக்களில் அந்த நாட்களில் ஒருவர்கூட விலகவில்லை, உற்பத்தியும் சீக்கிரமே பழைய அளவைத் தாண்டியது. தைப்பவர்களும் பெண்கள்தான். இதை நான் முதலாளிகளிடம் கதையாகவே சொல்கிறேன். நாற்பது நாள், பதினேழு பேர் என்றதும் காது கொடுக்கிறார்கள்.

வளையப்பட்டிப் பக்கம் அடுத்த பண்ணையில் மெஷினுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே பெண்களோடு உட்கார்ந்தோம். மேனேஜர்தான் பேச வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். முதலாளியோ நானோ பேசினால் அவர்கள் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். யாருக்கும் வேலை போகாது என்பதை முதலாளி எழுத்தில் கொடுத்தார். அது இல்லாமல் அந்தக் கூட்டமே நடந்திருக்காது. பட்டை ஓடும்போது எந்த இடத்தில் முட்டை மோதும், எந்த வளைவில் விரிசல் விழும் என்று அவர்கள் கேட்டார்கள். மெஷின் விற்றவருக்கே அதற்குப் பதில் இல்லை. வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரஷ் வைத்தது அவர்கள் சொன்னதால். இப்போது அவர்களில் சிலர் தரம் பிரிக்கும் கூடத்தில் இருக்கிறார்கள், சிலர் குஞ்சு செட்டில், சிலர் தடுப்பூசிக் குழுவில். முட்டையைக் கையில் எடுத்ததும் ஓடு மெலிந்திருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும் அவர்களுக்கு. கிளிஞ்சல் குறைந்திருக்கிறது என்று தீவன மில்லுக்கு முதல் தகவல் அந்தக் கூடத்திலிருந்துதான் போகிறது.

அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாவது வரை படித்தவர். ஒடிசாப் பையன்களிடம் வேலை வாங்கும் அளவுக்கு இந்தி கற்றுக்கொண்டார். வளைகுடாவுக்குப் போகிற முட்டையில் மருந்து எச்சம் இருக்கக் கூடாது. எந்த செட்டுக்கு எந்தத் தேதியில் மருந்து கொடுத்தார்கள், அந்த முட்டையை எத்தனை நாள் ஏற்றுமதியில் சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. 2025-ல் நாமக்கல் முட்டை அமெரிக்காவுக்கும் கப்பலேறியிருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு பெருகப் பெருக அந்த நோட்டின் மதிப்பு இன்னும் ஏறும். அவர் வேண்டாம் என்றால் அந்த ட்ரே வண்டியில் ஏறாது, முதலாளி சொன்னாலும் ஏறாது. முடிவெடுக்கிறவர்தான் மேனேஜர் என்றால் அந்தப் பண்ணையில் அவரைவிடத் தெளிவான மேனேஜர் இல்லை. ஆனால் சம்பளப் பட்டியலில் இன்றைக்கும் ‘வேலையாள்’ என்றுதான் இருக்கிறார். கூலியும் அதற்குத் தகுந்தபடிதான்.

இந்த வட்டாரத்தில் நான் பார்த்தவரை பெண்கள் பொறுப்பில் பல கூடங்கள் நடக்கின்றன. மேனேஜர் என்று எழுதிய அட்டை ஒருவர் கழுத்திலும் இல்லை. “பொம்பளைங்க சொன்னா லாரிக்காரன் கேப்பானுங்களா?” என்று ஒரு முதலாளி என்னிடம் கேட்டார். லாரிக்காரர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த அம்மா கையெழுத்துப் போடாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டுவதில்லை. அந்த முதலாளியைக் கூட்டிப் போய் அரை நாள் கூடத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். இரண்டு பண்ணைகளில் பொங்கலுக்குள் பதவியும் சம்பளமும் மாற்றி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். லாரிக்காரன் கேட்பானா என்று கேட்ட முதலாளியோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.